வெட்டினால் இடம் கிடைக்காது: ஓர் ஆடுபுலி விண்வெளிப் போரின் கணக்கு

2014 ஜனவரி 27. ஐஸ்லாந்துக்காரர்கள் நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி கேமில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் சண்டை மூண்டது. 7,548 பேர் இறங்கினார்கள். 21 மணி நேரம் நீடித்தது. டைட்டன் எனப்படும் ராட்சதக் கப்பல்கள் மட்டும் 75 அழிந்தன. நொறுங்கியதையெல்லாம் நிஜக் காசில் மதிப்பிட்டால் சுமார் 3 லட்சம் டாலர். இத்தனைக்கும் தொடக்கம், அந்த மண்டலத்தை வைத்திருந்த கூட்டணி கட்ட வேண்டிய ஒரு கட்டணம் கட்டப்படாமல் போனதுதான். ஒரு பில் தவறியது, போர் வந்தது.

இன்னொரு எண்ணும் அந்தச் சண்டையில் உண்டு. கூட்டம் அதிகமானால் சர்வர் திணறாமல் இருக்க, ஈவ் தன் கடிகாரத்தையே மெதுவாக்கிவிடும். குறைந்தபட்சம் பத்தில் ஒரு பங்கு வேகம்வரை. 21 மணி நேரமும் அப்படி ஓடியதாக வைத்துக்கொண்டால் நடந்த சண்டை 2 மணி 6 நிமிடம். மீதி நேரம் முழுக்கக் காத்திருப்பு. ஆளும் கப்பலும் குண்டும் கொட்டிக் கிடக்கிற இடத்தில் ஆட்டம் இப்படித்தான் கெட்டியாகிப்போகிறது.

நான் முன்வைக்கிற கேம் மிஷன் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. 3 கப்பல் ஒரு பக்கம், 15 கப்பல் மறுபக்கம். நிற்க இடம் 23. எல்லாமே பற்றாக்குறை. மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த மூன்று எண்களையும் சொன்னாலே போதும், என்ன ஆட்டம் என்று தெரிந்துவிடும்.

ஆடுபுலி ஆட்டத்தின் கட்டத்தைக் கோயில் கல்தளங்களிலும் ஊர்ச் சாவடித் திண்ணைகளிலும் செதுக்கி வைத்திருப்பார்கள். உச்சியில் 1 புள்ளி, கீழே வரிசைக்கு 6 வீதம் 3 வரிசை, அடியில் 4. ஆக 1 + 18 + 4 = 23. புலி 3, ஆடு 15. ஆட்டுக்காரர் 15 காயையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. புலியோ முதலிலிருந்தே நகரலாம். அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி அதே கோட்டில் காலி இடம் இருந்தால் புலி பாய்ந்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டு கிடையாது. மூன்று புலியையும் நகரவிடாமல் அடைப்பதுதான் அதன் வெற்றி. குறிப்பிட்ட எண்ணிக்கை ஆடுகளை வெட்டுவது புலியின் வெற்றி. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. காய் வைத்து யோசிக்கிற பழக்கம் இந்தச் சமவெளிக்குப் புதிதில்லை.

இந்த ஆட்டத்தின் உயிர் காலி இடத்தில் இருக்கிறது. ஓர் ஆடும் சாகாமல் 15ம் இறங்கிவிட்டால் 18 புள்ளி நிரம்பி, மிச்சம் 5. புலிக்குக் கிட்டத்தட்ட மூச்சு முட்டும் நிலை. ஒரு வெட்டு விழுந்தால் காலி 6 ஆகும். ஐந்து வெட்டு விழுந்தால் 10. மொத்த இடத்தில் 22 சதவீதமாக இருந்த காலி 43 சதவீதமாகிவிடும். அதாவது வெட்ட வெட்ட அடுத்த வெட்டு சுலபமாகிறது. ஆட்டுக்காரருக்கு முதல் மூன்று நான்கு காய்களில் பிசகினால் பிறகு மீள்வது கடினம் என்பது இதனால்தான்.

இப்போது கட்டத்தைத் தூக்கி விண்ணில் வைக்கிறேன். மூன்று வரிசையும் பூமியைச் சுற்றி 300, 400, 500 கி.மீ. உயரத்தில் மூன்று வளையங்கள். ஒவ்வொன்றிலும் 60 பாகைக்கு ஒன்றாக 6 இடம். உச்சிப் புள்ளி 600 கி.மீ.யில், புலிகளின் எரிபொருள் கிடங்கு. அடிப்புள்ளி நான்கும் 250 கி.மீ.யில், ஆடுகளுக்கு எரிபொருள் தரும் இடங்கள். கல்லில் ஒரு வரிசைக்கு இரண்டு முனை உண்டு. வளையத்தில் முனை கிடையாது. கடைசிப் புள்ளி முதல் புள்ளியோடு சேர்ந்துவிடுவதால் வளையத்துக்கு ஒன்றாக 3 கோடு கூடுதலாக வருகிறது. புலியை மூலையில் ஒதுக்கி அடைக்கும் பழைய உத்தி இதில் எடுபடாது. இது புலிக்குக் கிடைத்த சலுகை. ஆட்டுக்கு என்ன ஈடு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நகர்வின் விலைக்கு வருவோம். 400 கி.மீ.யில் சுற்றும் கப்பலின் வேகம் நொடிக்கு 7.67 கி.மீ., ஒரு சுற்றுக்கு 92 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். 300 கி.மீ.யில் 7.73 கி.மீ., 90 நிமிடச் சொச்சம். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததுக்கு ஏறவோ இறங்கவோ வேகத்தில் செய்ய வேண்டிய மாற்றம் நொடிக்கு சுமார் 57 மீட்டர். எரிபொருள் போவது இந்தக் கணக்கில்தான். கடந்த தூரத்துக்கு அல்ல.

அதே வளையத்தில் முன்னால் இருப்பவனைப் பிடிக்க வேண்டுமானால் எஞ்சினை முன்னோக்கி முடுக்கக் கூடாது. முடுக்கினால் மேலே ஏறிப் பின்தங்கிவிடுவீர்கள். வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். கீழ் வளையம் சிறியது, சீக்கிரம் சுற்றும். 300 கி.மீ.க்கு இறங்கினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 940 கி.மீ. முந்தலாம். ஆனால் 60 பாகை என்பது அந்த உயரத்தில் 7,098 கி.மீ. ஆகவே ஏழரைச் சுற்று, பதினொன்றரை மணி நேரம். இறங்க 57, திரும்ப ஏற 57, ஆக நொடிக்கு 114 மீட்டர். சாவடியில் விரலால் ஒரு புள்ளி தள்ளுகிற நகர்வுக்கு விண்ணில் அரை நாளும் இவ்வளவு எரிபொருளும் ஆகிறது. புதிதாக விளையாடுகிறவருக்கு முதல் பத்து நிமிடத்தில் புரிய வேண்டியது இந்த ஒன்றுதான். பெரும்பாலான கேம்கள் விண்வெளிக் கப்பலை விமானம் போல ஓட்டவிட்டு இதை மறைத்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1962இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதிய 'ஸ்பேஸ்வார்' நடு நட்சத்திரத்துக்கு ஈர்ப்பு வைத்தது, எரிபொருளுக்கும் டார்ப்பிடோவுக்கும் அளவு வைத்தது. அது ஓடிய பி.டி.பி-1 இயந்திரத்தின் நினைவகம் 18 பிட் கொண்ட 4,096 சொற்கள், நம் கணக்கில் 9,216 பைட். அவ்வளவு இடத்தில் அவர்களால் முடிந்தது.

வளையத்தின் சாய்வை மாற்றுவது இதைவிட விலை கூடியது. 1 பாகை திருப்ப நொடிக்கு 134 மீட்டர். இதை உணர மதுரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். தசராவுக்குப் போய்வரும் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவு சுமக்கும் எடையைத் தின்கிறது. சின்ன ராக்கெட்டுக்குத் தாங்காது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே கடல். ஒரு வளைவை மிச்சம் பிடிக்க ஒரு ஏவுதளமே கட்டுகிறார்கள் என்றால், மிஷனில் சாய்வு மாற்றத்தை இலவசமாகக் கொடுப்பது நியாயமில்லை. எல்லா வளையத்தையும் ஒரே தளத்தில் வைத்துவிட்டேன்.

இரு பக்கமும் ஆளுக்கொரு நகர்வு செய்யும் ஒரு முறைக்கு 30 நொடி, மொத்தம் 40 முறை. ஆட்டம் 20 நிமிடம். முறைக்குப் பதினொன்றரை மணி என்றால் 40 முறை 460 மணி நேரம், 19 நாள். ஆட்டுப் பக்கத்துக்கு முதல் 15 முறை காய் இறக்கவே சரியாகிவிடும். நகர்த்த மிச்சம் 25. ஒவ்வொரு புலிக்கும் நொடிக்கு 1,200 மீட்டர் மாற்றத்துக்கான எரிபொருள் கொடுக்கிறேன். எரிபொருள் சிக்கனத்தைச் சொல்லும் ஒப்புந்துவிசை 300 நொடி உள்ள எஞ்சினில் 1,000 கிலோ கப்பலுக்கு அது 335 கிலோ. முறைக்கு 114 வீதம் போட்டால் புலிக்கு 10 நகர்வு, மூன்றுக்கும் 30. முறையோ 40. பத்து முறை புலி சும்மா இருக்க வேண்டும், இல்லையென்றால் உச்சிக்குப் போய் நிரப்ப வேண்டும். உச்சியில் ஓர் ஆடு போய் உட்கார்ந்துவிட்டால் அதுவும் இல்லை. வளையம் மூடியதால் ஆடு இழந்ததற்கு ஈடு இந்தக் கிடங்கு.

பாய்ச்சலிலும் ஒன்று மாறுகிறது. வெட்டு என்பது இரண்டு இடம் தாண்டுவது, 120 பாகை, 23 மணி நேரம். அதனால் வெட்டு இரண்டு முறைக்கு நீளும். நடுவில் எதிராளிக்கு ஒரு பதில் கிடைக்கும். புலி இறங்கவிருக்கும் இடத்தில் பக்கத்து ஆட்டை நகர்த்தி நிரப்பினால் பாய்ச்சல் வீண், எரிபொருளும் வீண். கல்லில் வெட்டு ஒரு கணத்தில் முடியும். விண்ணில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிய மெதுவாக வருகிறது. பதற்றம் கூடுவது இதில்தான் என்று நான் நம்புகிறேன்.

இனி இந்த மிஷனின் மையக் கணக்கு.

2019 மார்ச் 27 அன்று இந்தியா 'மிஷன் சக்தி' சோதனையில் தன் சொந்தச் செயற்கைக்கோளான மைக்ரோசாட்-ஆரை ஏவுகணையால் தகர்த்தது. எடை 740 கிலோ, உயரம் சுமார் 283 கி.மீ., மோதிய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. சில நாட்களில் நாசா சொன்ன கணக்கு: 400 துண்டு, அதில் 10 செ.மீ.க்கு மேல் இருந்து கண்காணிக்க முடிந்தவை 60, அவற்றில் 24 சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கும் மேலே போனவை. தாழ்வான உயரத்தில் வெட்டியும் சில துண்டுகள் மேலே எழும்பின. 45 நாளில் எல்லாம் விழுந்துவிடும் என்று டி.ஆர்.டி.ஓ. தரப்பில் சொன்னார்கள், பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்தன, சில ஒரு வருஷத்துக்கு மேலும் சுற்றின. 2007இல் சீனா 865 கி.மீ. உயரத்தில் 750 கிலோ ஃபெங்யுன்-1சியைத் தகர்த்தபோது கண்காணிக்கக்கூடிய துண்டுகளே 3,000ஐத் தாண்டின. அவற்றில் மிகுதி இன்னும் மேலேதான் இருக்கின்றன. எடை ஏறக்குறைய ஒன்று. உயரத்தில் வந்த வித்தியாசம் இது.

1 கிலோ துண்டு நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் வந்தால் 5 கோடி ஜூல், 12 கிலோ டி.என்.டி. வெடிக்குச் சமம். 10 கிராம் போல்ட் ஒன்று 120 கிராம் வெடி. இப்படி ஓர் இடத்தில் யார் போய் நிற்பது?

கல் கட்டத்தில் வெட்டிய ஆட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம், இடம் காலியாகிவிடும். விண்ணில் வெட்டிய கப்பல் போகாது. அது நின்ற இடம் சிதைவால் மூடிக்கொள்ளும். புலியும் அங்கே இறங்க முடியாது, ஆடும் முடியாது. இந்த ஒரே விதியை மாற்றிப் போட்டால் கணக்கு இப்படி ஆகிறது:

வெட்டு 0: புலி 3, ஆடு 15, மூடியது 0, காலி 5
வெட்டு 3: புலி 3, ஆடு 12, மூடியது 3, காலி 5
வெட்டு 5: புலி 3, ஆடு 10, மூடியது 5, காலி 5

பழைய ஆட்டத்தில் 5லிருந்து 10 ஆகும் காலி, இங்கே 5லேயே நிற்கிறது. எத்தனை வெட்டினாலும் புலிக்கு ஓர் இடம்கூடச் சேராது. அதற்கு மேல், மூடிய இடத்தைத் தாண்டிப் பாயவும் கூடாது என்பதால் பாய்ச்சல் கோடுகள் குறைந்துகொண்டே போகும். ஐந்து வெட்டு வேண்டும் என்று இறங்கிய புலி நான்காவது வெட்டில் தானே அடைபடலாம். ஆட்டுக்காரர் ஓர் ஆட்டை வேண்டுமென்றே கொடுத்து ஒரு வளையத்தை அறுக்கலாம். ஆடு கொடுத்துப் புலி கட்டுவது என்பது பழைய ஆட்டத்தில் அரிதான துணிச்சல். இதில் அதுவே அன்றாட உத்தியாகும்.

மூடிய இடம் எப்போது திறக்கும்? 45 நாள் என்றே வைத்தாலும் நம் கடிகாரத்தில் 94 முறை. ஆட்டமோ 40 முறை. ஆகவே மூடியது ஆட்டம் முடியும்வரை மூடியதுதான். இந்த இடத்தில் மட்டும் இயற்பியலுக்கு ஒரு கடன் வைக்கிறேன்: நிஜத்தில் துண்டுகள் ஒரே இடத்தில் நிற்காமல் வளையம் முழுக்கப் பரவும். அதை அப்படியே போட்டால் மூன்று வெட்டில் மூன்று வளையமும் போய் ஆட்டமே நின்றுவிடும். ஓர் இடம் மட்டும் மூடுவது அந்த உண்மைக்கு ஆட்டம் தாங்கும் அளவு. பல ஆட்டங்கள் சேர்ந்த தொடராக விளையாடும்போது 500 கி.மீ. வளையத்தில் மூடியவற்றை அடுத்த ஆட்டத்துக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கே துண்டுகள் விழ வருஷங்கள் ஆகும்.

இந்த விதி ஆட்டத்தை எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதற்கும் எண் உண்டு. 23 இடத்தில் 3 புலியை 1,771 விதமாக வைக்கலாம். மிச்சம் 20 இடத்தில் 15 ஆட்டை 15,504 விதம். பெருக்கினால் 2,74,57,584 நிலைகள். 10 ஆடு மிஞ்சும்வரை எல்லாவற்றையும் கூட்டினால் 108 கோடி. யார் முறை என்பதையும் சேர்த்து நிலைக்கு 2 பிட் போட்டால் 54 கோடி பைட், சாதாரண லேப்டாப்பின் நினைவகத்தில் அடங்கும். பழைய ஆட்டத்தின் நகர்த்தும் கட்டத்தை ஒரு லேப்டாப்பே முழுக்க அலசிவிடலாம் என்று பொருள். சிதைவு விதி வந்தவுடன் 5 வெட்டு விழுந்த கட்டத்தில் மட்டும் நிலைகள் 252 மடங்காகி 8,245 கோடியைத் தொடுகின்றன. புதிதாக ஒரு கப்பலோ ஆயுதமோ சேர்க்காமல், ஒரு வரி விதியால் கிடைத்த ஆழம் அது.

இனி கம்பிக்குள் ஓடும் இணையக் கணக்கு. மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,160 கி.மீ., சிங்கப்பூர் 3,000, ஈவ் சர்வர் இருக்கும் லண்டன் 8,330. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ. போய்த் திரும்ப இயற்கை அனுமதிக்கும் குறைந்தபட்சம் முறையே 12, 30, 83 மில்லி நொடி. நடைமுறையில் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். சுட்டுத் தள்ளும் கேமுக்கு இந்த வித்தியாசம் தோல்வி. முறைக்கு 30 நொடி உள்ள ஆட்டத்துக்கு லண்டனும் அடுத்த தெருதான்.

சுடும் கேமின் வழக்கப்படி 18 கப்பலின் இடம், வேகம், திசையை 40 பைட்டில் நொடிக்கு 20 தடவை அனுப்பினால், 20 நிமிடத்தில் ஓர் ஆட்டக்காரருக்கு 17.28 எம்.பி. எஞ்சின் ஓடாதபோது கப்பலின் பாதை கெப்ளர் விதிப்படி தானே போகும். அனுப்ப ஒன்றுமே இல்லை. நகர்வுக்கு 64 பைட், இரு பக்கமும் சேர்த்து 80 நகர்வு, மொத்தம் 5,120 பைட். 3,375 மடங்கு குறைவு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பேருந்தில் போய்க்கொண்டு, டவர் வந்து வந்து போகும் போனில் இதை ஆடலாம். எனக்கு இந்த மிஷன் மேல் ஆசை வந்ததற்குப் பெரிய காரணம் இந்த 5,120தான்.

ஒரு பள்ளத்தை மட்டும் எழுதும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கேம் எஞ்சின்கள் பெரும்பாலும் இடத்தை 32 பிட் எண்ணில் வைக்கின்றன. பூமியின் மையத்திலிருந்து 67,78,000 மீட்டரில் அந்த எண்ணின் இரு அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே அரை மீட்டர் இடைவெளி. கப்பல் அரை மீட்டர் அரை மீட்டராகத் துள்ளும். 64 பிட்டில் வைத்தால் இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் கீழே. திரையில் காட்டும்போது மட்டும் பார்ப்பவரை நடுவாக வைத்து 32 பிட்டுக்கு மாற்றினால் போதும்.

ஆள் கணக்கு. 18 கப்பலுக்கு 18 பேர் என்றால் நிமிடத்துக்கு 2 பேர் வரும் சிறிய கேமில் ஓர் ஆட்டம் சேர 9 நிமிடம். முதலில் வந்தவர் போய்விடுவார். ஆளுக்கு ஒரு புலி வீதம் மூவர், ஆளுக்கு 5 ஆடு வீதம் மூவர் என்று வைத்தால் 6 பேர், 3 நிமிடம். ஐந்து ஆட்டை மேய்ப்பவருக்குக் கொடுக்கத் துணியும் ஓர் ஆடு எப்போதும் இருக்கும். ஒரே ஆடு உள்ளவர் தன்னைக் கொடுக்கமாட்டார். இதனாலும் 6தான் சரி.

செலவு. நாலு பேர், 16 வாரம், வாரத்துக்கு 40 மணி: 2,560 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய் என்று வைத்தால் 6,40,000. வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் ஐ.டி. பூங்கா இருக்கும் ஊர், மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் விழுந்த ஊர். நாலு பேர் கிடைப்பார்கள். கனக்கிற செலவு சோதனையில் இருக்கிறது. புலி, ஆடு இரண்டுக்கும் வெற்றி பாதிப் பாதியா என்று 3 சதவீதப் பிழைக்குள் சொல்ல 1,067 ஆட்டம் வேண்டும். 6 பேர், 20 நிமிடம்: 2,134 மணி நேரம், 5,33,500 ரூபாய். மிஷன் எழுதுவதற்கு ஆகும் காசில் ஆறில் ஐந்து பங்கு. அந்த ஆட்டங்களைக் கணினியையே இரு பக்கமும் ஆடவிட்டு முடித்து, மனிதர்களை 100 ஆட்டத்துக்கு மட்டும் உட்காரவைத்தால் 50,000. அதில் பிழை கூட்டிக் குறைத்து 10 சதவீதம் வரும், ஆனால் மனிதர்களிடம் கேட்க வேண்டியது வேறு: எங்கே சலித்தது, எங்கே பதறியது.

300 ரூபாய்க்கு விற்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கடைக்காரரின் 30 சதவீதமும் போகக் கையில் 178. முழுச் சோதனையும் மனிதர்களை வைத்துச் செய்தால் முதல் திரும்ப 6,593 பிரதி, கணினியை வைத்துச் செய்தால் 3,877. பந்தயப் பணம் வைத்து ஈட்டும் வழி, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தோடு அடைபட்டுவிட்டது: பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். நல்லதுதான். காசு வைத்தால் ஆட்டைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது.

முடிவாகாமல் இருப்பது ஒரே ஓர் எண்: புலி வெல்ல எத்தனை வெட்டு. ஊருக்கு ஊர் இது மாறும். சிதைவு விதியோடு 5 என்பது புலிக்குக் கடினமாக இருக்கலாம், 4 போதும் என்று கணினி சொல்லலாம். கோடிங் தொடங்கும் முன் இதைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 23 புள்ளி போட்டு, 15 புளியங்கொட்டையும் 3 கல்லும் வைத்து, வெட்டிய கொட்டையை எடுக்காமல் அங்கேயே விட்டு ஆடிப் பார்க்கலாம். 4க்கும் 5க்கும் ஐம்பது ஐம்பது ஆட்டம்.